பெயின்டுக்கு அடியில்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் காவிரியிலும் அரசலாற்றிலும் வந்து சேர்வதற்குள் கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் டிரெய்லர்களுக்கு வேலை தொடங்கிவிடும். முதலில் எரு அடிப்பார்கள். அடுத்து டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ் மூட்டைகள். புரட்டாசி வாக்கில் குறுவை நெல், பெரும்பாலும் ஈரத்தோடு. தையிலும் மாசியிலும் சம்பாவும் தாளடியும். இடையிடையே வைக்கோல், செங்கல், மணல், தென்னை மட்டை, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான். இத்தனையையும் தாங்குவது பட்டறைக்காரர்கள் எம்.எஸ். ஷீட் என்று சொல்லும் சாதாரண மென்னிரும்புத் தகடுதான். தடிமன் பெரும்பாலும் 3 மி.மீ.

அந்தத் தகடு எத்தனை வருஷம் தாங்கும்? உலோக அரிப்பைத் தரம் பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச நெறி, மிதமான சூழலில் பூச்சே இல்லாத சாதா எஃகு முதல் வருஷத்தில் 25 முதல் 50 மைக்ரான் வரை தேயும் என்கிறது. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மைக்ரான் என்றே வைத்துக்கொண்டாலும் 3 மி.மீ. தகடு கரைய 60 வருஷம் ஆக வேண்டும். ஆனால் டெல்டாவில் டிரெய்லர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், ஏழெட்டு வருஷத்தில் மூலையில் ஓட்டை விழுந்து நெல் ஒழுகியதைச் சொல்வார்கள். கணக்கு எங்கே பொய்த்தது?

தகடு முழுக்கச் சீராகத் தேயவில்லை என்பதே விடை. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்து அளந்து பாருங்கள். ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி இரும்பு ஏறக்குறைய முழுத் தடிமனோடு இருக்கும். துரு சில இடங்களைத் தேர்ந்தெடுத்துக் குடைகிறது. பின்கதவின் கீல் ஓரம், தளமும் பக்கத் தகடும் சேரும் வெல்டிங் கோடு, ஈர வைக்கோல் ஒட்டிக்கொண்டு நிற்கும் முன்மூலை. அந்த இடங்களை அது எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது தெரிந்தால்தான், வீட்டிலேயே ஒரு காப்புப் பூச்சு போட நினைப்பவர் எதில் பணத்தையும் உழைப்பையும் செலவிட வேண்டும் என்பதும் தெரியும்.

இதைக் கண்ணால் பார்க்க வைத்தவர் கேம்பிரிட்ஜில் வேலை செய்த யூலிக் எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனையைப் பள்ளி ஆய்வகத்திலேயே திரும்பச் செய்யலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட வேண்டும். அந்த நீரில் முன்கூட்டியே பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பினாப்தலீனும் சிறிது கலந்திருக்க வேண்டும். முதலாவது, இரும்பு கரையும் இடத்தில் நீலமாக மாறும். இரண்டாவது, காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாக மாறும். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பு வளையமாகவும் பிரியும். இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் துரு படியும்.

விளிம்பில் தண்ணீர் மெலிந்திருப்பதால் காற்றின் ஆக்ஸிஜன் அங்கே எளிதில் கரைந்து இரும்பை எட்டுகிறது. நடுவே தண்ணீர் ஆழமாக இருப்பதால் ஆக்ஸிஜன் குறைவு. ஆக்ஸிஜன் அதிகம் கிடைக்கும் இடம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் கேத்தோடாகிறது. குறைவாகக் கிடைக்கும் இடம் இரும்பைக் கரைத்து எலக்ட்ரான்களைத் தரும் ஆனோடாகிறது. ஒரே தகட்டில், ஒரே சொட்டுக்குள், கம்பி இல்லாத ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. காற்றுப் பட்ட இடம்தான் துருப்பிடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காற்று எட்டாத ஈர இடம்தான் கரைகிறது.

டிரெய்லரின் முன்மூலைக்கு வருவோம். அங்கே ஒரு பிடி வைக்கோலும் மண்ணும் சேர்ந்து அழுந்திக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்தால் வாரக்கணக்கில் காய்வதில்லை. அந்தக் கத்தைக்கு அடியில் ஆக்ஸிஜன் இல்லை, சுற்றியுள்ள திறந்த தகட்டில் நிறைய இருக்கிறது. எவன்ஸின் சொட்டு இங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகிவிட்டது. பரந்த கேத்தோடு முழுவதும் எலக்ட்ரான் கேட்கிறது, கொடுக்க வேண்டியது அந்தச் சின்ன ஆனோடு மட்டுமே. அரிப்பு முழுவதும் ஒரே புள்ளியில் இறங்குவதால் 60 வருஷக் கணக்கு ஏழெட்டு வருஷமாகச் சுருங்குகிறது.

இந்த மின்கலம் ஓட ஈரம் மட்டும் போதாது, ஈரத்தில் அயனிகளும் வேண்டும். உப்பு என்றதும் நமக்குக் கடல் நினைவுக்கு வரும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது சிக்ரி, மண்டபம் கடற்கரையில் ஓர் ஆய்வு நிலையம் வைத்து, உப்புக் காற்றில் உலோகங்களும் பூச்சுகளும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவருகிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. இந்தியா முழுமைக்கும் அரிப்பு வரைபடம் தயாரித்தவர்களும் அங்கே பணியாற்றிய விஞ்ஞானிகளே. அவர்களது ஆய்வுகளும் உலகின் மற்றக் கடலோர ஆய்வுகளும் சொல்லும் ஒரு செய்தி, கடல் உப்பின் தாக்கம் கரையை விட்டு உள்ளே வர வர மிக வேகமாகக் குறைந்துவிடும் என்பது. கும்பகோணத்திலிருந்து காரைக்கால் கடல் ஏறக்குறைய 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆகவே நம் டிரெய்லருக்கு வரும் உப்பில் கடலின் பங்கு சொற்பம். மிச்சமெல்லாம் மூட்டையில் வருகிறது.

கடையில் பொட்டாஷ் என்று வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரின். குளோரைடு அயனி சிறியது, சுறுசுறுப்பானது. இரும்பின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தை உடைத்துக் குழிகளைத் தொடங்கிவைப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. இன்னொரு குணமும் உரங்களுக்கு உண்டு. காற்றில் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டினால் அவை தாமாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துபோகும். 30 டிகிரி வெப்பத்தில் யூரியாவுக்கு அந்த அளவு 73 சதவீதத்தை ஒட்டியும், பொட்டாஷுக்கு 84 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது. இரண்டும் கலந்து சிந்திக் கிடந்தால் அந்த அளவு இன்னும் கீழே இறங்கும். டெல்டாவில் மழைக்காலத்து இரவுகளில் ஈரப்பதம் இந்த எல்லைகளை எல்லாம் சாதாரணமாகத் தாண்டும். மழையே பெய்யாவிட்டாலும், உரம் சிந்திய தகடு ராத்திரியில் தானாக நனைந்துகொள்ளும் என்று பொருள். எருவும் இதற்குச் சளைத்ததில்லை. அதில் அமோனியாவும் உப்புகளும் உண்டு, கூடவே ஈரத்தைப் பிடித்துவைக்கும் நார்களும் உண்டு.

இதே மண்ணில் வேறொரு உலோகத்தின் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. திருவெண்காட்டில் பூமிக்கடியிலிருந்து கடந்த நூற்றாண்டின் நடுவில் கிடைத்த சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் ஒன்று, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர். இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. காளையின் மேல் சாய்வதற்காக மடித்த அந்தக் கையின் விரல் நெளிவுகூட மழுங்கவில்லை. செம்பும் வெண்கலமும் அரிபடும்போது உண்டாகும் களிம்பு பெரும்பாலும் அடர்த்தியாக உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதைக் காக்கிறது. சுவாமிமலை சிற்பிகளுக்கும் நாச்சியார்கோயில் விளக்குக்காரர்களுக்கும் உலோகம் தரும் இந்தச் சலுகை இரும்புக்காரர்களுக்குக் கிடைப்பதில்லை. இரும்பின் துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதனால் உப்பி, வெடித்து, உதிர்ந்து, புது இரும்பை வெளியே காட்டிவிடும். டெல்லி இரும்புத்தூண் 1,600 வருஷங்களாக நிற்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பழங்கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது நாளடைவில் பாஸ்பேட் கலந்த ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து விளக்கினார். நம் காலத்து எஃகில் பாஸ்பரஸை வேண்டுமென்றே குறைத்துவிடுகிறோம், ஏனென்றால் அது எஃகை நொறுங்கவைக்கும். எனவே இயற்கை தராத படலத்தை நாமே மேலே பூச வேண்டியிருக்கிறது.

பூச்சு எப்படிக் காக்கிறது? தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாமல் தடுத்து, என்றுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். அது தவறு என்று 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் ஜே. இ. ஓ. மேயின் காட்டினார். சாதாரண பெயின்ட் படலங்களின் வழியே எவ்வளவு நீரும் ஆக்ஸிஜனும் ஊடுருவுகின்றன என்று அளந்தபோது, பூச்சே இல்லாத இரும்பு துருப்பிடிக்கத் தேவையான அளவுக்கு அவை தாராளமாக உள்ளே போவது தெரிந்தது. அப்படியும் பெயின்ட் அடித்த இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கிறது. காரணம், படலம் அயனிகளை எளிதில் விடுவதில்லை. ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே அயனிகள் ஓடினால்தான் மின்கலம் முழுமையாகும். அந்த ஓட்டத்தைப் படலத்தின் மின்தடை நிறுத்திவைக்கிறது. கூடவே, படலம் இரும்பை இறுகப் பற்றியிருந்தால் அடியில் தண்ணீர் திரளாகத் தேங்க இடம் கிடைக்காது. பூச்சின் பலம் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

இந்த ஓர் உண்மை நம் வேலைமுறையையே மாற்றிவிடுகிறது. அயனிகளை வெளியே நிறுத்துவதுதான் பெயின்டின் வேலை என்றால், பெயின்டுக்கு அடியிலேயே உப்பை வைத்துப் பூசினால் என்ன ஆகும்? எலுமிச்சங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் காய்க்குள் இருக்கும் நீர் தோலையும் சவ்வையும் கடந்து வெளியே வருகிறதல்லவா, அதே விசை இங்கேயும் வேலை செய்யும். படலம் ஒரு சவ்வு. அடியில் உப்பு, மேலே மழைநீர். நீர் படலத்தின் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, உப்பைக் கரைத்து, கொப்புளமாக எழும்பும். கொப்புளத்துக்குள் ஆக்ஸிஜன் குறைவு, அயனி அதிகம். எவன்ஸின் ஆனோடு அங்கே தயாராக இருக்கிறது. புதுப் பெயின்ட் அடித்து ஆறே மாதத்தில் கடுகு கடுகாகப் பொரிந்து வரும் கொப்புளங்களுக்குப் பெரும்பாலும் டப்பாவைத்தான் குறை சொல்கிறோம். குறை தகட்டில் இருந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், பூச்சுக்கு ஒதுக்கும் நேரத்தில் முக்கால்வாசியைப் பூசுவதற்கு முந்தைய வேலைக்கே கொடுக்க வேண்டும். முதலில் கழுவுதல். மண்ணையும் வைக்கோலையும் மூலைகளிலிருந்து கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட வேண்டும். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் உள்ள ஊர்களில் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். ஹைட்ராலிக் ஆயிலும் கிரீஸும் பட்ட இடங்களைத் தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய் போகச் சுத்தம் செய்வது முக்கியம். இந்த வரிசை மாறினால் கிரைண்டர் அந்த எண்ணெயைத் தகட்டின் கீறல்களுக்குள் தேய்த்து இறக்கிவிடும். கழுவிய தகட்டில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் எண்ணெய் இல்லை. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் இருக்கிறது.

அடுத்தது துரு. ஆங்கிள் கிரைண்டரில் கப் பிரஷ் போட்டு ஓட்டினால் தகடு பளபளக்கும், மனசுக்கு நிறைவாகவும் இருக்கும். ஆனால் கம்பி பிரஷ் துருவை உரசி மெருகேற்றுவதும் உண்டு. அந்த மெருகில் பூச்சு பற்றாது. கப் பிரஷுக்குப் பிறகு ஃபிளாப் டிஸ்கோ முரட்டு உப்புத்தாளோ போட்டுக் கீறல் உண்டாக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளில் மணல்வீச்சு செய்து இதைச் சாதிக்கிறார்கள். பட்டறையில் அந்த வசதி இல்லாத குறையைக் கை உழைப்பால்தான் ஈடுகட்ட முடியும். குழிகளுக்குள் இருக்கும் துரு விசேஷமாகப் பொல்லாதது, குளோரைடு அங்கேதான் ஒளிந்திருக்கும். தேய்த்த பிறகு இன்னொரு தடவை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கழுவியதால் லேசாகச் செம்மை படர்ந்தால் உலர்ந்த பிறகு உப்புத்தாளால் எடுத்துவிடலாம். உப்பு உள்ளே தங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

எடுக்க முடியாத மெல்லிய துருவை என்ன செய்வது? கொள்ளிடத்துக்கு வடக்கே கொடாலிக் கருப்பூரிலும், கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் வளர்ந்த கலம்காரிக் கலையில் இதற்குப் பதில் இருக்கிறது. கருப்பூர்ச் சேலைகள் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்து எழுதப்பட்டவை. கலம்காரியில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துக்கொள்வார்கள். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்த கசிவைப் பேனாவால் தொட்டு எழுதும்போது, கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து, துவைத்தாலும் போகாத கறுப்பாகும். ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கடையில் விற்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது அதே டானிக் அமிலம். துருவில் உள்ள இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்பு இரும்பு டானேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. பாஸ்பாரிக் அமிலம் உள்ள வகைகள் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகின்றன. டெல்லித்தூணின் பாஸ்பேட் படலத்துக்கு அது உறவு. இரண்டுமே மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவுக்கு நல்லவை. பொருக்கு விட்ட துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுத்து, அடியில் அரிப்பு தொடரும். குளோரைடையும் இவை அகற்றுவதில்லை.

இப்போது பிரைமர். நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது ரெட் ஆக்ஸைடு. அதன் செம்மண் நிறம் இரும்பு ஆக்ஸைடு, வேதியியலில் துருவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அது துருவைத் தடுக்கும் மருந்து அல்ல, வெறும் நிறமி. பழைய பிரைமர்களில் மருந்தாக இருந்தவை வேறு. செவ்வீயமும் சிங்க் குரோமேட்டும் இரும்பின் பரப்பைச் செயலற்றதாக்கி உண்மையாகவே துருவைத் தடுத்தன. ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் தரும். நெல் ஏற்றும் பெட்டிக்கு அவை வேண்டவே வேண்டாம். பழைய டிரெய்லரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் இவை இருக்கக்கூடும் என்பதால் தகட்டை ஈரப்படுத்திக் கையால் தேய்ப்பதும், நல்ல தூசிமாஸ்க் போடுவதும், குழந்தைகளை அப்பால் அனுப்புவதும் கட்டாயம். இன்றைக்குத் தகுந்தது சிங்க் பாஸ்பேட் கலந்த இரண்டு டப்பா எபாக்ஸி பிரைமர். எபாக்ஸி இரும்பைப் பற்றுகிற பிடி சாதாரண எனாமலுக்குக் கிடையாது.

எபாக்ஸியின் இரண்டாவது டப்பாவில் இருக்கும் கடினமாக்கி பெரும்பாலும் அமீன் வகை. சாதா அமீன்கள் ஈரக்காற்றில் பட்டால் மேலே மெழுகுபோன்ற படிவு விட்டு, அடுத்த பூச்சைப் பற்றவிடாமல் செய்யும். இதற்கு மாற்றாக வந்த பினால்கமீன் என்ற வகை ஈரத்தை நன்றாகப் பொறுத்துக்கொள்ளும், கப்பல் பூச்சுகளில் பெயர் பெற்றது. அதன் மூலப்பொருள் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைப்பவர்களின் கையைப் பொத்துப்போகச் செய்யும் அதே எண்ணெயிலிருந்து கார்டனால் பிரித்தெடுத்து இதைச் செய்கிறார்கள். கடையில் வாங்கும்போது பினால்கமீன் கடினமாக்கி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

துத்தநாகம் பூசிய தகடு, அதாவது ஜி.ஐ. ஷீட், போட்டுவிட்டால் என்ன? துத்தநாகம் தானே கரைந்து இரும்பைக் காப்பது உண்மைதான். ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கச் சொன்ன தத்துவம் அது. ஆனால் அமோனியா உப்புகள் துத்தநாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். உரமும் எருவும் ஏற்றும் வண்டிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

பிரைமருக்கு மேலே என்ன என்பதில்தான் கடந்த முப்பது நாற்பது வருஷங்களில் உலகம் மாறியது. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த பாலியூரித்தேன், ரப்பரின் இழுவையையும் பிளாஸ்டிக்கின் கெட்டியையும் ஒருசேரக் கொண்டது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் அதன் உறவான பாலியூரியா பூச்சு உருவானது. அது சில விநாடிகளிலேயே இறுகிவிடும். ஆனால் சூடாக்கி, உயர் அழுத்தத்தில் தெளிக்கும் இயந்திரம் இல்லாமல் அதைப் பூச முடியாது. நாமே பூசக்கூடியது, ரப்பர் துகள் கலந்த பாலியூரித்தேன். ரோலராலோ பிரஷ்ஷாலோ இழுக்கலாம். நெல்லுக்கு இந்தத் தடிமனான மேல்பூச்சு தேவையா என்று தோன்றலாம். தேவை. நெல் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஒவ்வொரு லோடு இறக்கும்போதும் டன் கணக்கில் சிலிக்கா தோல் போர்த்திய மணிகள் தகட்டை உரசிக்கொண்டு சரிகின்றன. மணலும் செங்கலும் செய்வதைச் சொல்லவே வேண்டாம். கெட்டியான எனாமல் இந்த உரசலில் கீறிப் பெயரும். ரப்பர்த்தன்மை உள்ள பூச்சு அமுங்கிக் கொடுத்து மீளும்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்காமல் நாமே கணக்குப் போடலாம். ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத் தடிமன் சரியாக 1 மி.மீ. பத்தடிக்கு ஆறடி டிரெய்லரின் தளம் ஏறக்குறைய 5.6 சதுர மீட்டர். இரண்டடி உயரப் பக்கத் தகடுகளின் உட்புறத்தையும் சேர்த்தால் 11.5 சதுர மீட்டர். கரைப்பான் ஆவியாகிப் போனபின் தங்குவது கன அளவில் 60 சதவீதம் என்றால், 75 மைக்ரான் உலர்ந்த பிரைமருக்கு 125 மைக்ரான் ஈரமாகப் பூச வேண்டும். உட்புறம் முழுவதற்கும் ஒன்றரை லிட்டர், சேதாரத்தோடு இரண்டு லிட்டர் போதும். மேல்பூச்சைத் தளத்துக்கு மட்டும் ஒரு மி.மீ. ஈரத் தடிமனில் போட்டால் ஐந்தரை முதல் ஆறு லிட்டர் ஆகும், காய்ந்தபின் 0.6 மி.மீ. நிற்கும். பக்கங்களுக்கும் அதே தடிமன் போடுவது பண விரயம் என்பது என் கருத்து. உரசல் தளத்தில்தான். மிச்சமாகும் பணத்தில் அடிப்பக்கத்துக்கும் சேஸிஸ் சேனலுக்கும் பிரைமர் வாங்குங்கள்.

ஓரங்களில் தனிக் கவனம் வேண்டும். கூரான விளிம்பில் பூசிய எந்தத் திரவமும் பரப்பு இழுவிசையால் பின்வாங்கி மெலிந்துவிடும். அதனால் விளிம்புகளை முதலில் அரத்தால் மழுக்கிவிட்டு, வெல்டிங் கோடு, போல்ட் தலை, கீல், தகட்டு ஓரம் எல்லாவற்றுக்கும் சின்ன பிரஷ்ஷால் ஒரு முன்பூச்சு கொடுத்த பிறகே மொத்தப் பூச்சு. சந்துகளுக்கும் இதே கவனம் வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில்பாலத்தில், பாலிசிலோக்ஸேன் பூச்சோடு, இணைப்புகளையும் முழுவதுமாக வெல்டிங் செய்து சந்தே இல்லாமல் ஆக்கினார்கள். சந்து இருந்தால் அங்கே பூச்சு போகாது, உப்புத்தண்ணீர் போகும். நம் டிரெய்லரில் விட்டு விட்டு அடித்த வெல்டிங்கின் இடைவெளிகளைப் பூசுவதற்கு முன் அடைத்துவிடுவது பட்டறையில் கொஞ்ச நேர வேலை. தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

எப்போது பூசுவது? வழக்கப்படி ஆயுத பூஜைக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் வண்டிக்கு வர்ணம் அடிக்கிறோம். ஒன்று வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் நேரம், மற்றொன்று மார்கழிப் பனி விட்டும் விடாத நேரம். காப்புப் பூச்சுக்கு இரண்டுமே ஏற்ற வாரங்கள் அல்ல. தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைப் பூச்சு விதி. கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் தகட்டில் ஓரிடத்தைத் துடைத்துப் பார்க்கலாம். கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டால் பூசலாம், காயாவிட்டால் பொறுக்க வேண்டும். பாலியூரித்தேனுக்கு ஈரம் இன்னொரு விதத்திலும் பகை. அதிலுள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்ஸைடை விடும், பூச்சு முழுக்கக் குமிழி ஓட்டைகளாகும். சம்பா அறுவடை முடிந்து ஜூன் வருவதற்குள் இருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசிதான் சரியான காலம். அப்போதும் உச்சிவெயிலில் வேண்டாம். வெயிலில் காய்ந்த தகட்டில் கையை வைக்க முடியாது, பூச்சு பரவுவதற்குள் இறுகும். கலந்துவைத்த எபாக்ஸி சட்டியிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். கீற்றுக் கொட்டகை நிழலில், பனி விலகிய காலைப்பொழுதில், ஒரு மணிநேரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து பூசுங்கள்.

ஐசோசயனேட் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற மீத்தைல் ஐசோசயனேட் இதே வேதிக் குடும்பம். பூச்சுகளில் இருப்பவை அந்த அளவுக்கு ஆவியாகாதவை என்றாலும், தெளிப்பானில் புகையாக அடித்து மூச்சில் இழுத்தால் நிரந்தர ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடம்பில் ஒவ்வாமை உண்டாகிவிட்டால் அடுத்தமுறை மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறடிக்கும். முகத்தில் கட்டும் துண்டோ துணிமாஸ்க்கோ இதற்குத் தடை ஆகாது. தகுந்த வாயுமாஸ்க் இல்லாதவர்கள் தெளிப்பதையே விட்டுவிட்டு, திறந்தவெளியில், கையுறையோடு, ரோலரால் பூசட்டும். பூச்சு முழுக்க இறுக ஒரு வாரம் விட்டபிறகே நெல் ஏற்ற வேண்டும்.

கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து மழைக்கு முன் அடிப்பக்கத்தில் அடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது கொஞ்ச நாள் தண்ணீரை விலக்கும். எஞ்சினில் தேய்ந்த உலோகங்களோடும் அமிலங்களோடும் அந்த ஆயில் சொட்டுச் சொட்டாக வயலிலும் வாய்க்காலிலும் இறங்குகிறது. பிறகு எந்தப் பெயின்டும் அந்தத் தகட்டைப் பற்றாது. விட்டுவிட வேண்டிய பழக்கம். குட்டியானை என்ற சிறு சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் தளத்தில் விரிக்கும் ரப்பர் மேட்டும் பிளைவுட்டும் அடியில் தண்ணீரைப் பிடித்துவைப்பதால், மாதம் ஒருமுறையாவது தூக்கிக் காயவைக்க வேண்டும்.

பூச்சு போட முடியாத வருஷத்திலும் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. பொட்டாஷ் மூட்டை இறக்கிய அன்றே, ராத்திரி ஈரம் இறங்குவதற்குள், நாலு வாளித் தண்ணீர் விட்டு மூலைகளைக் கழுவுங்கள். பின்கதவைத் திறந்துவைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, தண்ணீர் முழுக்க வடியும்படி நிறுத்துங்கள். முன்மூலையில் இருக்கும் அந்தப் பிடி வைக்கோலைக் கையாலேயே எடுத்துப் போடுங்கள்.